படகு ட்ரெய்லருக்கு பிரேக் போட்ட கதை

என் வீட்டுக்காரருக்கு ஒரு சின்னப் பாய்மரப் படகு உண்டு. பதினாறு அடி. சிங்கப்பூர் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து, ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர் அவர். அத்தனை பெரிய கப்பல்களைத் தட்டி நிமிர்த்தி அனுப்பியது போதாதென்று, ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து இதை வாங்கி வைத்துக்கொண்டார். சாங்கி பக்கம் ஒரு படகு மன்றத்தின் முற்றத்தில், ட்ரெய்லர் மேலேயே அது நிற்கும். சனிக்கிழமை காலையில் போவார். சாயங்காலம் முகம் கறுத்து, சட்டையில் உப்புப் பூத்து வருவார். நானும் இரண்டு தடவை கூடப் போனேன். இரண்டு தடவையும் வாந்தி. அதோடு சரி. எனக்கு லிட்டில் இந்தியாவில், பஃப்ளோ ரோட்டுப் பக்கம் ஒரு கடைத்தொகுதி மாடியில் தையல் கடை. பள்ளிக்கூடங்களுக்கு நடன உடை தைப்பதுதான் முக்கிய வேலை. சனிக்கிழமை எனக்கு ஓய்வு நாள் இல்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் இரண்டும் பாதி போயின. கால் கொஞ்சம் திரும்பி வந்தது. கைத்தடி வைத்து நடப்பார். பேச்சுதான் வரவில்லை. வரவில்லை என்றால் அடியோடு இல்லை. 'சரி' வரும். 'ஐயோ' வரும். ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னால் பத்து வரைக்கும் வரிசையாக வரும். மற்றபடி நினைப்பது ஒன்று, வாயில் வருவது இன்னொன்று. தண்ணீர் கேட்க நினைத்து 'கதவு' என்பார். சொன்ன மறுநொடியே அது தப்பு என்று அவருக்குத் தெரிந்துவிடும். அப்போது அவர் முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டம்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், "அவருக்கு எல்லாமே புரியுது ஆன்ட்டி, வார்த்தைக்குப் போற வழிதான் அடைச்சுப் போச்சு" என்றாள். மற்றவர்களுக்கு அது புரியவில்லை. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது, "சாப்பிட்டாரா? தூங்கினாரா?" என்று என்னைக் கேட்பார்கள். நானும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அப்படி இருக்கையில் மன்றத்திலிருந்து கடிதம் வந்தது. முற்றத்தில் கட்டட வேலை ஆரம்பிக்கிறார்கள், மாதக் கடைசிக்குள் படகுகளை எடுத்துவிட வேண்டும். மகள் மெல்பர்னில் இருக்கிறாள். போனில் சொன்னதும், "அம்மா, வித்துடுங்க லா. அப்பாவால இனிமே முடியுமா?" என்றாள். அவள் கேட்டதில் தப்பில்லை. நானும் விற்கத்தான் நினைத்தேன்.

வாங்க வந்தவர் ஒரு மலாய்க்காரர், முப்பது வயதிருக்கும். படகைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், குனிந்து அடியில் தட்டிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் படகின் விளிம்பில் இடது கையை வைத்துக்கொண்டு நின்றார். அவ்வளவுதான். தடுக்கவில்லை. ஆனால் அந்த மனிதர் பார்த்து முடிக்கும்வரை கையை எடுக்கவே இல்லை. வெயில் ஏறி, ஃபைபர் சுட்டிருக்கும். அப்போதும் எடுக்கவில்லை. வந்தவர் என்னைப் பார்த்தார், அந்தக் கையைப் பார்த்தார். "பரவாயில்லை ஆன்ட்டி, அங்கிள் வெச்சிக்கட்டும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அவரிடம் தலையசைத்துவிட்டுப் போனார். மகளிடம் வியாபாரம் படியவில்லை என்று மட்டும் சொன்னேன்.

மேற்குப் பக்கம் இன்னொரு மன்றத்தில் இடம் கிடைத்தது. எங்கள் வீட்டுக்கும் அது கிட்டம். ஆனால் படகைத் தீவின் அந்த முனையிலிருந்து இந்த முனைக்குக் கொண்டுவர வேண்டும். முன்பு அவரிடம் ஒரு கனமான பிக்கப் இருந்தது. அது இழுக்கும்போது பின்னால் படகு வருவதே தெரியாது என்பார். சிஓஇ, அதாவது வண்டி வைத்திருக்கிற உரிமம், முடிந்து அது ஸ்கிராப்புக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்தது நடன உடைகளை ஏற்றிச் செல்கிற என் சின்ன வேன். பின்னால் கொக்கி பொருத்தினேன். ஓட்ட வேண்டியவளும் நான்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை நெரிசல் முடிந்த பிறகு கிளம்பினோம். பாதி வழி ஒழுங்காகத்தான் போனது. விரைவுச்சாலையில் ஒரு மேம்பாலத்தின் இறக்கத்தில் முன்னால் போன வண்டிகள் எல்லாம் சிவப்பு விளக்கைப் போட்டு மெதுவாயின. நானும் பிரேக்கை மிதித்தேன். வேன் நிற்கவில்லை. யாரோ பின்னாலிருந்து இரண்டு கையாலும் தள்ளுவது போல் முன்னால் போனது. பஸ் இடித்துவிட்டது என்று நினைத்தேன். இடித்தது எங்கள் படகுதான். ட்ரெய்லருக்கு பிரேக் கிடையாது. அத்தனை பாரமும் இறக்கத்தில் என் வேனைத் தள்ளியது.

எனக்கு முன்னால் ஒரு லாரி. பின்பக்கம் திறந்திருக்க, கட்டுமானத் தொழிலாளர்கள் எட்டுப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் இருந்தவர் கால்களைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டார். இரண்டு கால்களும் உடம்பின் பலமும் சேர்த்து மிதித்தேன். லாரிக்கும் எனக்கும் ஒரு முழம் இடைவெளியில் வேன் நின்றது. அவர்களில் ஒருவர் நெஞ்சில் கை வைத்து, பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது.

பக்கத்தில் அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்து, "சரி... சரி... சரி..." என்றார். சமாதானம் சொல்கிறார் என்று புரிந்தது. அவர் கண் கலங்கியிருந்தது.

அதற்கு மேல் புது மன்றத்துக்குப் போகத் தைரியம் இல்லை. இடது ஓரமாக, அவசர விளக்கைப் போட்டுக்கொண்டு, எல்லாருடைய ஹாரனையும் வாங்கிக்கொண்டு, ஜூரோங்கில் என் வேனைச் சரிபார்க்கிற பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தேன். லாரி, ட்ரெய்லர் வேலையும் செய்கிற இடம். முதலாளி சீனர். மெக்கானிக் மன்னார்குடிப் பக்கத்துத் தமிழர், நாற்பது வயதைத் தாண்டியவர். நான் இறங்கியதும் முதலில் ஒரு மைலோ டின்னை உடைத்து நீட்டினார். அப்புறம்தான் ட்ரெய்லரைப் பார்த்தார்.

"அக்கா, இதுல பிரேக்கே இல்லியே. இதையா அங்கேருந்து இழுத்துட்டு வந்தீங்க?"

"பிக்கப்பில இருந்தப்ப ஒண்ணும் தெரியலப்பா."

"பிக்கப் கனம், தாங்கிருச்சு. உங்க வேன் எடைக்கு இது ஆவாது." கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தவர், வெளியே வந்து பேசத் தொடங்கினார். என்னிடம் பேசவில்லை. என் வீட்டுக்காரரிடம்.

"அண்ணே, அச்சுல பிரேக் மாட்டுற தட்டே இல்ல. வெல்டிங் போட்டு ஒட்டலாம், ஆனா எனக்கு மனசு வரல. பிரேக்கோட வர்ற புது அச்சாவே போட்டுருவோம். முன்னால கொக்கியையும் மாத்தணும். என்ன சொல்றீங்க?"

நான் பழக்கத்தில் வாயைத் திறந்தேன். அவருக்குப் பேச வராது என்று சொல்லத்தான். அதற்குள் அவர் இடது கையைத் தூக்கி, சுட்டுவிரலைக் கீழே காட்டி ஒரு சுற்று சுற்றி, பிறகு உள்ளங்கையை விரித்துக் காட்டினார். மெக்கானிக் ஒரு நொடி பார்த்தார். அப்புறம் முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணன் கப்பல் யார்டுல இருந்தவரா?"

கிரேன்காரருக்குக் கீழே நிற்பவர் காட்டுகிற சைகை அது என்று மெக்கானிக்தான் எனக்குச் சொன்னார். "இறக்கு, மெதுவா, நிறுத்து. சத்தத்துல அங்க யாரு பேசறது கேக்கும்? நானும் மொதல்ல யார்டுலதான்கா இருந்தேன். நாள் பூரா கையாலதான் பேச்சு." படகை முதலில் ட்ரெய்லரிலிருந்து இறக்கிவிட்டு வேலை பார் என்பதுதான் என் வீட்டுக்காரர் சொன்னது. சரியான யோசனை என்றார் மெக்கானிக்.

முப்பது வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். அந்தச் சைகைகளில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

சாமான்கள் வர மூன்று வாரம் ஆனது. வண்டியில் மாற்றம் செய்ய அனுமதிக்கு எழுதிப்போட வேண்டியிருந்தது, அதை முதலாளி பார்த்துக்கொண்டார். அந்த நாட்களில் வாரத்தில் இரண்டு தரம் என் வீட்டுக்காரரைப் பட்டறையில் விட்டுவிட்டுக் கடைக்குப் போவேன். முதல் நாள் விட்டுவிட்டுப் போகவே பயமாக இருந்தது. பகலில் இரண்டு தடவை போன் பண்ணினேன். "அண்ணன் நல்லாருக்காரு, போனை வைங்கக்கா" என்றார் மெக்கானிக். சாயங்காலம் போய்ப் பார்த்தால் அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையால் போல்ட்டுகளைத் துடைத்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணெல்லாம் கிரீஸ். வீட்டுக்கு வந்து அந்தக் கையை நான் சோப்புப் போட்டுக் கழுவும்போது பிடுங்கிக்கொண்டு தானே கழுவினார்.

இந்த பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று மெக்கானிக் எனக்கும் விளக்கினார். ட்ரெய்லரின் முன்கொக்கி கொஞ்சம் உள்ளே வழுக்கிப் போகிற மாதிரி இருக்கும். வேன் வேகம் குறைந்ததும் ட்ரெய்லர் முன்னால் வந்து முட்டும். முட்டும்போது கொக்கி உள்ளே போய் எண்ணெயை அழுத்தும். எண்ணெய் குழாய் வழியாகப் போய்ச் சக்கரத்தைப் பிடிக்கும். வயர் கிடையாது, வேனிலிருந்து தனியாக ஒன்றும் மிதிக்க வேண்டாம்.

"ஒரே ஒரு விஷயம்க்கா. ரிவர்ஸ் எடுக்கும்போதும் கொக்கி உள்ளதான் போவும். ட்ரெய்லர் பிரேக் பிடிச்சிட்டு நின்னுடும். அதுக்கு இந்தப் பின்னைச் சொருகிட்டு ரிவர்ஸ் எடுக்கணும். முன்னால போறதுக்கு முன்னாடி மறக்காம எடுத்துடணும். எடுக்கலேன்னா பிரேக்கே கிடையாது, பழையபடிதான்." சங்கிலியில் தொங்குகிற ஒரு கட்டை விரல் தடிமன் இரும்புப் பின்னைக் காட்டினார். நான் தலையாட்டினேன். என் மனசெல்லாம் அன்றைக்குக் கொடுக்க வேண்டிய இருபது பாவாடைகளில் இருந்தது.

கடைசி வேலை, குழாயில் அடைத்திருக்கும் காற்றை வெளியேற்றுவது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முன்கொக்கியில் ஒரு கம்பியைப் போட்டு அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். அழுத்திப் பிடித்திருக்கும்போது திறக்க வேண்டும், கையை விடுவதற்குள் மூடிவிட வேண்டும். மாறிப் போனால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். அன்று நான் சீக்கிரமே போய்விட்டேன். "நான் அழுத்தறேன்" என்று முன்னால் போனேன். என் வீட்டுக்காரர் கைத்தடியைக் குறுக்கே நீட்டினார்.

"அண்ணன் செய்யட்டும்க்கா" என்றார் மெக்கானிக், சக்கரத்தின் அடியில் படுத்தபடி.

"அவருக்கு எப்பப் பிடிக்கிறேன், எப்ப விடறேன்னு சொல்ல வராதுப்பா. நீங்க அடியில இருக்கீங்க, கையையும் பார்க்க முடியாதே."

மெக்கானிக் தலையை வெளியே நீட்டினார். "அண்ணே, எண்ண வருமா? மூணு தடவை அழுத்துங்க, எண்ணிக்கிட்டே. மூணுல பிடிச்சுக்கங்க. நான் திறந்து மூடிட்டு 'ம்'னு சொல்றேன், அப்ப விடுங்க."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கம்பியை இடது கையால் பிடித்தார். உடம்பை முன்னால் சாய்த்து அழுத்தினார்.

"ஒண்ணு." அழுத்தம். "ரெண்டு." அழுத்தம். "மூணு." அப்படியே பிடித்தார். கை நரம்பு புடைத்தது. அடியில் எண்ணெய் சீறுகிற சத்தம். "ம்" என்றார் மெக்கானிக். விட்டார்.

திரும்ப ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒரு தடவை அவர் பழக்கத்தில் நாலு, ஐந்து என்று அழுத்திக்கொண்டே போய்விட்டார். மெக்கானிக் மூன்றிலேயே திறந்துவிட்டதால் எண்ணெய் அவர் முகத்தில் பீய்ச்சியது. "அண்ணே, கொலை பண்ணிராதீங்க!" என்று கத்தினார். என் வீட்டுக்காரர் சிரித்தார். சத்தம் போட்டு, தோள் குலுங்க. பக்கவாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. இடது சக்கரம் முடிந்து வலது சக்கரமும் முடிய முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணியில், எண்ணிக்கைதான் என்றாலும், அந்த ஒரு வருஷத்தில் பேசியதைவிட அதிகம் பேசினார். நான் ஒரு டயர் மேல் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டிச் சோதனை நிலையத்தில் ட்ரெய்லரின் ஒரு பின்விளக்கு எரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வாரம் தேறிவிட்டது. மறுநாளே படகை ஏற்றிக்கொண்டு புது மன்றத்துக்குக் கிளம்பினோம். வழியில் வேண்டுமென்றே ஓர் இறக்கத்தில், பின்னால் வண்டி எதுவும் இல்லாதபோது பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். பின்னால் மெல்லிய ஒரு 'டொக்'. வேன் சொன்ன பேச்சைக் கேட்டு நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அதையே இன்னும் இரண்டு தரம் செய்தேன். அவர் போதும் என்று என் முழங்கையைத் தட்டினார்.

புது மன்றத்தில் எங்களுக்குக் கொடுத்த இடம் ஒரு சின்ன மேட்டின் மேலே. ட்ரெய்லரைப் பின்பக்கமாக ஏற்றி நிறுத்த வேண்டும். ரிவர்ஸ் போட்டேன். ஓர் அடி போய் நின்றுவிட்டது. கல் தடுக்கிறது என்று நினைத்து இன்னும் மிதித்தேன். எஞ்சின் அலறியது, வேனின் சக்கரம் வழுக்கியது, ரப்பர் கருகுகிற வாடை.

"ஊசி" என்றார் அவர்.

ஊசி என்றால் ஆஸ்பத்திரி. திரும்ப ஏதோ வருகிறது, ஊசி போட வேண்டும் என்கிறார் என்று நினைத்துவிட்டேன். வேனை அணைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். வாய் கோணியிருக்கிறதா? கையைத் தூக்க முடிகிறதா? "என்னங்க, என்ன பண்ணுது? ஆம்புலன்ஸைக் கூப்பிடவா?"

"ஊசி! ஊசி!" அவருக்குக் கோபம். தலையை இல்லை இல்லை என்று ஆட்டினார். நான் போனை எடுக்க, அதைத் தட்டிவிட்டார். கதவைத் திறந்து, கைத்தடியை ஊன்றி இறங்கினார். பின்னாலேயே ஓடினேன். வேனைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போய், கொக்கிக்குப் பக்கத்தில் சங்கிலியில் தொங்கிய அந்தப் பின்னை எடுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

ரிவர்ஸ் பின். மெக்கானிக் அத்தனை விளக்கமாகச் சொன்னது. சுத்தமாக மறந்திருந்தேன்.

வேனை ஓர் அடி முன்னால் எடுக்கச் சொன்னார், கையால்தான். கொக்கி நீண்டு ஓட்டை தெரிந்ததும் குனிந்து, இடது கையால் பின்னைச் சொருகினார். இரண்டு தடவை தவறியது, மூன்றாவதில் நுழைந்தது. நான் உதவவில்லை. பிறகு பின்னால் போய் நின்று வா, வா, கொஞ்சம் இந்தப் பக்கம், நிறுத்து என்று கை காட்டினார். கண்ணாடியில் அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். படகு தன் இடத்தில் போய் நின்றது. நிறுத்தியதும் பின்னை உருவிவிட்டு, எடுத்தாயிற்று என்று எனக்குக் காட்டினார்.

வண்டியை விட்டு இறங்கியதும் அங்கேயே சக்கரத்தோரம் உட்கார்ந்து அழுதேன். அவர் பக்கத்தில் நின்று என் தலையில் கை வைத்தார். "கதவு" என்றார். தண்ணீர்ப் புட்டியை எடுத்துக் கொடுத்தேன். இல்லை என்று அதை என் கையிலேயே திருப்பித் தந்தார். நான் குடிக்க வேண்டுமாம்.

மகளிடம் அன்று இரவு எல்லாவற்றையும் சொன்னேன். லாரியையும் சேர்த்து. முழுக்கக் கேட்டாள். பிறகு, "அப்பாகிட்ட போனைக் குடுங்க" என்றாள். வழக்கமாக, அப்பா எப்படி இருக்கிறார் என்று என்னிடம் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். அன்று அவரிடம் அவள் என்ன சொன்னாள் என்று தெரியாது. அவர் பத்து நிமிஷம் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தனியாகப் படகு ஓட்ட அவரால் முடியாது, டாக்டரும் கூடாது என்றுவிட்டார். புது மன்றத்தில் ஓர் உறுப்பினர், ஓய்வுபெற்ற ஆசிரியை, சீனப் பெண்மணி, தான் கூட வருவதாகச் சொன்னார். பாய்க் கயிறுகளை அவர் பார்த்துக்கொள்வார், சுக்கான் என் வீட்டுக்காரர் கையில். முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த மெக்கானிக்கையும் அழைத்திருந்தோம். "ஒம்பது வருஷமா சிங்கப்பூர்ல இருக்கேன்க்கா. யார்டுல கப்பலுக்கு உள்ள புகுந்து வேலை பார்த்திருக்கேன், கப்பல்ல தண்ணி மேல போனதில்ல" என்று சொல்லிக்கொண்டே, இரவல் வாங்கிய மிதவைச் சட்டையை மூன்று தரம் இறுக்கிக் கட்டினார்.

கரையிலிருந்து முந்நூறு மீட்டர் போயிருப்பார்கள். காற்று நின்றுவிட்டது. பாய் தொங்கிப்போய்ப் படகு அப்படியே நின்றது. மன்றத்தின் மோட்டார் படகு கிட்டப் போய் இழுத்து வரவா என்று கேட்டதும், என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று தலையாட்டியதும் கரையிலிருந்தே எனக்குத் தெரிந்தது. ஒரு மணி நேரம் மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். பிரியாணிப் பொட்டலங்களோடு நான் மர நிழலில் காத்திருந்தேன். பிறகு காற்று கொஞ்சம் எழும்பி, மெதுவாக வந்து சேர்ந்தார்கள்.

முழங்கால்வரை நனைந்து இறங்கிய மெக்கானிக்கிடம், "ஒரு மணி நேரம் என்னப்பா பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணலக்கா. சும்மா இருந்தோம். நல்லா இருந்துச்சு."

பிரியாணி ஆறிப்போயிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. திரும்பும் வழியில் என் வீட்டுக்காரர் வேனில் தூங்கிவிட்டார். வாய் திறந்து, குறட்டையோடு. மெக்கானிக்கைத் தங்கும் விடுதி வாசலில் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனோம்.